பட்டாணி அளவுப் பொட்டு

பெரம்பலூரில் அரியலூர் சாலை பிரியும் இடத்தில் திருமுருகனுக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. கடை என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். பலகையில் ‘சக்கர நல மையம்’ என்று எழுதியிருக்கிறார். பலகையின் இடது மூலையில் கோட்டு போட்டுக் கைகட்டி அவர் நிற்கிறார். வலது மூலையில் ஒரு டயர் நிற்கிறது. இருவரும் ஒரே உயரம். பெயருக்கு முன்னால் ‘டயர்ச் செம்மல்’ என்று ஒரு பட்டம். மூன்று வருஷத்துக்கு முன் திருச்சியில் ஒரு ஓட்டல் ஹாலில், சாப்பாட்டுக்கும் சால்வைக்கும் சேர்த்துச் சந்தா கட்டிய நாற்பது பேருக்கு நாற்பது பட்டம் கொடுத்தார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதை மறந்துவிட்டார்கள்.

கடைக்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வீல் பேலன்சிங் மிஷின். இத்தாலி மிஷின் என்று அதன் நெற்றியில் ஒட்டியிருக்கும். முதுகில் சீன எழுத்து. அதனால் முதுகு சுவரைப் பார்த்திருக்கும். சக்கரத்தை மாட்டிச் சுழற்றினால் எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று அது சொல்லும். அங்கே ஈயக்கட்டி ஒட்டி மறுபடி சுழற்றினால் திரையில் இரண்டு பூஜ்யம் வரும். உடனே திருமுருகன் வண்டிக்காரரைக் கூப்பிடுவார். கர்ப்பக்கிரகத்தில் தீபம் காட்டுகிற குருக்கள் மாதிரி ஒதுங்கி நின்று காட்டுவார்.

சக்கரம் அந்தச் சன்னிதிக்கு வந்து சேரும் வரைக்குமான வேலையெல்லாம் அறிவரசனுடையது. அரும்பாவூர்க்காரன், நாற்பத்தொரு வயது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக ஆறு வருஷம் சக்கரம் பூட்டியவன். அங்கே அவன் கற்றுக்கொண்டு வந்த ஒரு சங்கதி பெரம்பலூரில் வேறு எவனுக்கும் தெரியாது என்பது அவனுடைய பட்டம். பலகையில் ஏறாத பட்டம்தான். ஆனால் முதலாளியுடையதைவிடக் கனம் குறைந்ததில்லை.

சங்கதி இதுதான். புது டயரின் பக்கவாட்டில் கம்பெனிக்காரன் புள்ளி வைத்து அனுப்புவான். மஞ்சள் புள்ளி, டயரில் எடை குறைந்த இடம். அதைக் காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வைத்தால் வால்வின் கனத்துக்கும் அதற்கும் ஈடாகிவிடும். சிவப்புப் புள்ளி வேறு. எந்த டயரும் முழு வட்டம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் நூலளவு புடைத்திருக்கும். அந்த இடம்தான் சிவப்பு. இரும்பு ரிம்மும் முழு வட்டம் இல்லை. அதுவும் ஓரிடத்தில் நூலளவு தாழ்ந்திருக்கும். அங்கே சின்னதாக ஒரு குழி அடையாளம் போட்டிருப்பார்கள். டயரின் மேட்டை ரிம்மின் பள்ளத்தில் சேர்த்துப் பூட்டினால் சக்கரம் ஒழுங்காக உருளும். சேர்க்காவிட்டால் எத்தனை ஈயம் ஒட்டி எத்தனை பூஜ்யம் வாங்கினாலும் வேகத்தில் வண்டி நடுங்கும். அந்த மிஷினுக்கு எடை மட்டும்தான் தெரியும். வட்டம் தெரியாது.

ஜமால் முகமதுவின் கார் ஆயுதபூஜை கழிந்த வாரம் வந்தது. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் இருபத்தாறு வருஷம் ஒரு கிடங்கில் சாமான் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மனைவி நஜ்முன்னிசாவுக்கு மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தது. திருச்சியில் பத்து முறை கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தால் வலி அடங்கும், எழுந்து நடமாடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருச்சியிலேயே அறை எடுத்துத் தங்கலாம் என்றால் அந்த அம்மாள் ஒப்பவில்லை. எங்கே போனாலும் படுக்கிறது என் வூட்டில்தான் என்றுவிட்டார். ஆகவே முன் சீட்டைச் சாய்த்து, இரண்டு தலையணை கொடுத்து, தினமும் போய் வருவது என்று ஏற்பாடு. அதற்காகவே முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் திரும்பி வந்தார்.

“எண்பதுல போனா ஸ்டியரிங் நடுங்குது தம்பி. வண்டி மொத்தமும் நடுங்குது. அவளுக்குத் தாங்கல. வழியெல்லாம் கத்துறா.”

மிஷினில் போட்டார்கள். பூஜ்யம் வந்தது. திருமுருகன் ஒதுங்கி நின்று காட்டினார்.

அடுத்த வாரமும் வந்தார். மறுபடி பூஜ்யம். இந்த முறை திருமுருகன் தேசிய நெடுஞ்சாலையின் ஜல்லியிலிருந்து தார் வரைக்கும் ஒரு சொற்பொழிவு செய்தார். ஜமால் முகமது பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “இருக்கலாம் முதலாளி. ஆனா போன மாசம் இதே ரோட்டுல பழைய டயர்ல போனேன், ஆடலியே” என்றார்.

“பழைய டயரு ரோட்டுக்குப் பழகியிருக்கும் பாய்.”

“அப்ப புது டயர பழகற வரைக்கும் வூட்டு வாசல்ல ஓட்டவா?”

திருமுருகனுக்கு அன்றைக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.

மூன்றாம் முறை வந்தபோது ஜமால் முகமது நேராக அறிவரசனிடம் போனார். அறிவரசன் குனிந்து பார்த்தான். பட்டாணி அளவில் சிவப்புப் புள்ளி, ரிம்மின் குழிக்கு நேராக, கோடு கிழித்த மாதிரி நின்றது. இரண்டு சக்கரத்திலும் அப்படியே.

“இதுக்கு மேல துல்லியமா கம்பெனியிலகூட மாட்ட முடியாது பாய்” என்றான். புள்ளிக் கணக்கு முழுவதையும் அவருக்கு விளக்கினான். விளக்கும்போது அவன் கழுத்து கொஞ்சம் நீண்டது. “டயர்ல ஒண்ணுமில்ல. நீங்க மெதுவா போங்க.”

“அம்பதுல போனா ரெண்டு மணி நேரம் ஆவுது தம்பி. அவ்வளவு நேரம் அவளால உக்கார முடியல. எண்பதுல போனா ஆடுது. நான் எதுல போறது?”

தவறு தன்னுடையதில்லை என்கிற நிம்மதி அறிவரசனுக்கு இருந்தது. அந்த நிம்மதியோடு அடுத்த வண்டிக்குப் போனான்.

நான்காம் முறையும் ஜமால் முகமது வந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னார்:

“ஆறு தடவ போயாச்சு. இன்னும் நாலு பாக்கி. ஏற மாட்டேன்னுட்டா. அந்த வண்டியில ஏத்துறதுக்குப் பதிலா என்னை இங்கயே விட்டுருங்கங்குறா. மக இர்பானா துபாய்லேருந்து போன் போட்டு அழுவுறா, அதுக்கும் மசியல. வண்டிய சரி பண்ணிக் குடுங்க தம்பி. அவ ஏறணும். வேற ஒண்ணும் கேக்கல.”

ரிம்தான் கோணலாக இருக்க வேண்டும், அதை இன்றைக்கு நிரூபித்துவிடுவது என்று அறிவரசன் வலது முன் சக்கரத்தைக் கழற்றினான். டயரை நெகிழ்த்த சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தான். சிவப்புப் புள்ளி கரைந்து வழிந்தது.

கம்பெனிப் புள்ளி அப்படி வழியாது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தான். குங்குமம்.

ஆயுதபூஜை அன்று அவன் லீவில் மாமியார் ஊருக்குப் போயிருந்தான். வழக்கமாக டயருக்கு உள்ளங்கை அகலத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பி நடுவில் குங்குமம் வைப்பார்கள். இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். இந்த வருஷம் திருமுருகன் சீர்திருத்தம் செய்திருந்தார். அடுக்கில் இருக்கும் அத்தனை டயருக்கும் அழகாக, ஒரே அளவில், பட்டாணி போல ஒரு பொட்டு. போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும். உதிராமல் இருக்கக் குங்குமத்தில் பசை. தீக்குச்சி முனையால் அவரே உட்கார்ந்து வைத்தாராம். அது அச்சாக ஒரகடத்துப் புள்ளி மாதிரியே அமைந்துபோனது. ஒரு டயரில் ஒரு சிவப்பு கண்ணில் பட்ட பிறகு இன்னொரு சிவப்பை யார் தேடுவார்கள். அறிவரசன் தேடவில்லை. மங்கலான நிஜப் புள்ளி வட்டத்தின் எதிர்முனையில், தூசுக்கு அடியில் இருந்தது. மேட்டோடு மேட்டைச் சேர்த்து, பள்ளத்தை எதிரே தனியாக விட்டு, அவன் கைகளாலேயே பூட்டியிருந்தான். அந்த மாதம் அந்தக் கடையில் டயர் போட்ட மற்றவர்களுடைய வண்டியும் நடுங்கித்தான் இருக்கும். அவர்கள் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு ஓட்டியிருப்பார்கள்.

முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். திருமுருகன் முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த ஜமால் முகமதுவைப் பார்த்தார்.

“அவருகிட்ட சொல்லிடாத.”

“தப்பு நம்மளுதுண்ணே.”

“சாமிக்கு வச்ச பொட்டால வண்டி ஆடுச்சுன்னு வெளில போனா சாமிக்குக் கெட்ட பேருடா.”

சாமியின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பையும் அவர் அன்று ஏற்றுக்கொண்டார். அறிவரசன் இரண்டு டயரையும் பிரித்து, நிஜப் புள்ளியை நிஜக் குழிக்கு நேராகத் திருப்பிப் பூட்டினான். வெளியே திருமுருகன், மிஷினில் இத்தாலியிலிருந்து புது புரோகிராம் ஏற்றியிருப்பதாக ஜமால் முகமதுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஜமால் முகமது மனைவியோடு வந்தார். சிறுவாச்சூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது, ஆட்டம் இல்லை என்றால் அப்படியே திருச்சிக்கு என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தார். அறிவரசன் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். அந்த அம்மாளை அன்றுதான் பார்த்தான். தலையணைகளுக்கு நடுவே, முக்காடு போட்ட ஒரு சின்னப் பிள்ளை போலத் தெரிந்தார்.

எண்பது. தொண்ணூறு. ஸ்டியரிங் அசையவில்லை. கியருக்குப் பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் படுத்துக் கிடந்தது. நூறில் ஜமால் முகமது ஒரு கையை எடுத்துக் காட்டினார்.

“நஜ்மு, ஆடுதா?”

“இல்லீங்க. கப்பலாட்டம் போவுது.”

பின் சீட்டிலிருந்து பார்த்தால் கதவுப் பக்கம் அந்த அம்மாளின் கை தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களில் ரத்தமே இல்லை. ரோடு வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தில் இனி ஒரு நூல்கூடக் குறை இல்லை என்று அறிவரசனுக்குத் தெரியும். அந்த விரல்கள் விடவில்லை.

சிறுவாச்சூரில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு ஜமால் முகமது இறங்கினார். “அவளுக்கு சக்கரை இல்லாம வாங்கிட்டு வரேன். தம்பி, உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துள்ளலாக நடந்தார்.

வண்டிக்குள் இரண்டு பேர்தான். அறிவரசனால் சும்மா இருக்க முடியவில்லை.

“அம்மா, தப்பு என் மேலதாம்மா. மிஷினு, இத்தாலியெல்லாம் ஒண்ணுமில்ல. ஆயுதபூஜைக்கு வச்ச குங்குமப் பொட்ட கம்பெனி புள்ளின்னு நெனச்சு மாட்டிட்டேன். மூணு தடவ பாய் வந்து சொன்னாரு. நான்தான் எனக்குத் தெரியாதாங்குற மாதிரி பேசி அனுப்பிட்டேன். பத்து நாளு உங்கள ஆட்டி வச்சுட்டேன்.”

நஜ்முன்னிசா சிரித்தார். சிரிப்பு முதுகில் இடித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“பொட்டு வச்ச வண்டியிலயா இத்தன நாளும் போனோம். ஜமாத்துல சொல்லிடாதீங்க.”

“மன்னிச்சுக்கங்கம்மா.”

“ஆடுனது நெசந்தான் தம்பி. ஆனா வலி அதுனால இல்ல. வூட்டுல கட்டில்ல படுத்திருந்தாலும் இதே வலிதான். கட்டிலுக்கு டயரா இருக்கு?”

அறிவரசன் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தான்.

“மொத நாளு போயிட்டு வர்றப்ப தாங்க முடியாம கத்திட்டேன். பதறிப்போயி என்னாச்சு என்னாச்சுங்குறாரு. வண்டி ஆடுது, அதான்னேன். வாயில வந்தது அதுதான். அன்னையிலேருந்து இர்பானா அத்தாவுக்கு ஒரு வேலை கெடச்சிருச்சு. டயரு டயருன்னு அலையறாரு. உங்கள திட்டுறாரு, ரோட்டத் திட்டுறாரு, வந்து சோறு திங்கிறாரு. டாக்டரு சொன்னப்புறம் ரெண்டு நாளு அவரு வாயத் தொறக்கல தெரியுமா. சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“அப்ப ஏற மாட்டேன்னு சொன்னது?”

“உக்கார முடியல தம்பி. அதையும் வண்டி மேலயே போட்டேன்.” டீக்கடைப் பக்கம் பார்த்தார். ஜமால் முகமது டீ மாஸ்டரிடம் கையை ஸ்டியரிங் போலப் பிடித்துக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். “இப்ப வண்டிய சரி பண்ணிப்புட்டீங்க. இனிமே நான் எது மேல போடறது?”

சாய்ந்திருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

“சின்னதா ஒரு கொறைய வச்சிருங்களேன்.”

“தெரிஞ்சே எப்படிம்மா தப்பா மாட்டறது?”

“தெரியாம மாட்டுனீங்கள்ல.”

அதில் குத்தல் இல்லை. அவனுடைய கைத்திறமையில் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை இருந்த மாதிரிதான் இருந்தது.

ஜமால் முகமது மூன்று டம்ளர்களை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வந்தார். மனைவிக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு, “என்ன தம்பி, நூத்துக்கு நூறுதானே? உள்ளத சொல்லுங்க” என்றார்.

அறிவரசன் டீயை ஒரு வாய் குடித்தான். ஒரகடத்தில் ஆறு வருஷம், இங்கே ஒன்பது வருஷம். சரியாக இருக்கும் சக்கரத்தை அவன் குறை சொன்னதே இல்லை.

“முன்னாடி சரியாயிருச்சு பாய். பின்னாடி லேசா ஒரு அதிர்வு இருக்கு. பின் டயரு ரெண்டையும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துரணும்.”

ஜமால் முகமதுவின் முகம் வாடவில்லை. உறுதியாகத் தலையாட்டினார். “நானும் நெனச்சேன் தம்பி. ஓட்டுற கைக்குத் தெரியும்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சுது.”

நஜ்முன்னிசா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

வியாழக்கிழமை வருவதாகப் பேச்சு. அறிவரசனை பஸ் ஏற்றிவிட்டு அவர்கள் அப்படியே திருச்சிக்குப் போனார்கள். கடையில் திருமுருகன் அதற்குள் ‘வலியில்லாப் பயணத்துக்கு வழிவகுத்த சக்கர நல மையம்’ என்று ஒரு வாசகம் தயாரித்து, வாட்ஸ்அப்பில் நூற்று நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தார். எழுபது பேர் கும்பிட்டார்கள்.

வியாழக்கிழமை ஜமால் முகமது வந்தார். தனியாக வந்தார். முன் சீட்டு சாய்ந்தபடியே இருந்தது, தலையணைகளும் இருந்தன. திருமுருகன் எழுந்து வந்து, “வாங்க பாய், அம்மா எப்படி இருக்காங்க, வண்டி கப்பலாட்டம் போவுதா?” என்று தொடங்கினார்.

“வண்டி நல்லா போவுது முதலாளி. ரெண்டு நாளும் நல்லா போச்சு.” சாவியை நீட்டினார். “நேத்து டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. இனிமே கூட்டிட்டு வர வேணாம்னுட்டாரு. வூட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க, அலைக்கழிக்காதீங்கன்னாரு. மாத்திர எழுதிக் குடுத்திருக்காரு. இர்பானா நாளைக்கு வருது.”

பெரம்பலூரில் எதற்கும் சொல்ல ஒன்று வைத்திருப்பவர் திருமுருகன். நீட்டிய சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“அப்ப பின் டயரு…” என்று இழுத்தான் அறிவரசன்.

“பாத்துருங்க தம்பி. வரச் சொன்னீங்களே.”

“இப்ப ஒண்ணும் அவசரமில்ல பாய். நீங்க வூட்டுல அவங்ககூட இருங்க.”

“அவதான் போயிட்டு வாங்கன்னா. தம்பி காத்திருக்கும்னா.” நாற்காலியில் உட்காரவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். “திருச்சிக்குப் போவலைன்னாலும் வண்டி ஆடக் கூடாதுல்ல.”

அறிவரசன் கழற்றினான். தரையில் படுக்கப் போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு, டயரை ரிம்மிலிருந்து நெகிழ்த்தினான். ஜமால் முகமது குத்துக்காலிட்டு உட்கார்ந்து போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

“எங்க, அந்த செவப்பு புள்ளிய காட்டுங்க. இத்தன நாளு பேசிக்கிட்டிருக்கோம், ஒரு தடவகூட நான் பாக்கல.”

அது இரண்டு வருஷம் ஓடிய டயர். எந்தப் புள்ளியும் அதில் மிச்சமில்லை. பக்கவாட்டு முழுக்க வெறும் கறுப்பு. அறிவரசன் துணியால் துடைத்தான். மறுபடி துடைத்தான். வெளிச்சம் கூடவே சுற்றி வந்தது.

“தெரியுதா தம்பி?”

அறிவரசன் நிமிரவில்லை. பக்கத்தில் யாரோ கீழே உட்காரும் முனகல் கேட்டது. திருமுருகன். வெள்ளை வேட்டி சோப்புத் தண்ணீரில் நனைய, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கடையின் தரையை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

“ஓடுன டயர்ல அழிஞ்சு போயிரும் பாய்” என்றார். சொற்பொழிவுக் குரல் அதில் இல்லை. “கையாலதான் பாக்கணும். தடவிக்கிட்டே வந்தா ஒரு எடத்துல லேசா மேடு தட்டும். ஓட்டுற கைக்குத்தான் தெரியும். நீங்க பாருங்க.”

எந்தக் கைக்கும் அது தெரியாது. நூலிலும் மெல்லிய மேடு. கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருமுருகனுக்கு அது தெரியுமோ தெரியாதோ, அறிவரசனுக்குத் தெரியும். அவன் எழுந்து இடம் விட்டான்.

ஜமால் முகமது போனைக் கீழே வைத்தார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். ஒரு சுற்று முழுக்க வந்தார். நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கினார். சாலையில் சிமெண்ட் லாரிகள் அரியலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. காற்றுப் பிடிக்க வந்த ஒரு பைக்குக்காரரைத் திருமுருகன் கையைக் காட்டி நிறுத்திவைத்தார்.

மூன்றாம் சுற்றில் கை ஓரிடத்தில் நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் தடவினார்.

“இங்கதான் இருக்கு” என்றார். கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை, கையை எடுத்தால் இடம் தவறிவிடும். “லேசா தட்டுது. தட்டுதுல்ல தம்பி?”

அறிவரசன் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தான்.

“ஆமா பாய். இதேதான்.”

சாக்பீஸ் எடுத்து அந்த இடத்தில் குறி போட்டான். போட்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

“சரி, மாட்டுங்க” என்றார். “அடுத்ததையும் நானே பாக்குறேன்.”